முன்கதை தெரியாதவரும் உள்ளே வரலாம்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம்.

நெடுங்காலம் ஓடும் விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழின் இளைஞர் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். முதலாம் அங்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் அவை விளங்கும், இடையில் நுழைபவருக்குப் பழைய அங்கங்களைப் பற்றிய குறிப்புகள் தலைசுற்றலைத்தான் தரும் என்பது கட்டுரையாளரின் முடிவு. அதே இதழில் வெளியாகும் அறிவியற் புனைவுத் தொடர்கதையின் தலைமாட்டில், கதைக்குரிய இடத்தில் கால்வாசியைப் பிடித்துக்கொண்டு முன்கதைச் சுருக்கம் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: பழையது முழுவதும் தெரிந்தவருக்கே புதியது விளங்கும் என்பது. அந்த நம்பிக்கை பிழை. வானொலிக்கும் யூடியூப்புக்கும் பத்திரிகைக்கும் தொடர் எழுதத் தொடங்கியிருக்கும் எங்கள் ஊர் இளையோரை அது வேண்டாத வழியில் இழுத்துவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிபிசியின் 'டொக்டர் ஹூ' 23.11.1963 அன்று தொடங்கியது. அதைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் சொல்வது இதுதான்: டொக்டர் என்று அழைக்கப்படும் நாயகன் கலிஃப்ரே என்ற கிரகத்தின் டைம் லோர்ட் என்ற காலப்பயணி இனத்தவர், இரண்டு இதயம், சாகுந் தறுவாயில் உடல் மாறி வேறு முகத்தோடு எழுந்திருப்பார், கையில் சோனிக் ஸ்குரூட்ரைவர் என்ற ஒலியால் இயங்கும் கருவி. இவற்றில் ஒன்றுகூட முதலாம் அங்கத்தில் இல்லை. நாயகனின் முகம் முதன்முறை மாறியது 1966இல். ஸ்குரூட்ரைவர் 1968இல் வந்தது. டைம் லோர்ட்ஸ் என்ற பெயரே ஆறு ஆண்டுகள் கழித்து, 1969இல் 'த வோர் கேம்ஸ்' கதையில்தான் காதில் விழுந்தது. இரண்டு இதயம் 1970இலும், கலிஃப்ரே என்ற பெயர் 1973இலும் வந்து சேர்ந்தன. முகம் மாறுவதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர் வைத்தது 1974இல். ஆக, தொடக்கத்திலிருந்து பார்க்க உட்காருபவர் இந்த அடிப்படைகளை அறியப் பத்தாண்டுக் கதையைத் தாண்ட வேண்டும். 2005இல் புதிதாகத் தொடங்கிய 'ரோஸ்' என்ற அங்கத்தைப் பார்ப்பவரோ முக்கால் மணித்தியாலத்தில் தனக்கு வேண்டியதைப் பெற்றுவிடுவார். கடைச் சிப்பந்தியாக வேலைபார்க்கும் ரோஸ் என்ற பெண்ணுக்கு எது எப்போது தெரியவருகிறதோ, அப்போதே அது பார்ப்பவருக்கும் தெரியவரும். கதையை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

முழுவதையும் பார்க்க ஆசைப்பட்டாலும் முடியாது. வீடியோ நாடா விலையுயர்ந்தது, அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தங்களின் வரம்பும் இருந்தது. இந்தக் காரணங்களால் 1960களின் அங்கங்களை பிபிசியே அழித்தது. இந்த வழக்கம் 1978 வரை நீடித்தது. பின்னர் வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிலிம் பிரதிகள் சில திரும்பி வந்தன. ஹொங்கொங்கிலிருந்து ஒரு கதை, நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து 2013இல் அறிவிக்கப்பட்ட ஒன்பது அங்கங்கள் என்று. இன்னமும் 90க்கு மேற்பட்ட அங்கங்களுக்குப் படம் இல்லை. ஒலி மட்டும் உண்டு. அக்காலத்தில் வீட்டில் ரேப் ரெக்கோடரை வைத்துப் பதிந்த ரசிகர்களால்தான் அந்த ஒலியும் மிஞ்சியது. நாயகனின் முகம் முதன்முதல் மாறும் அந்த 1966ஆம் ஆண்டு அங்கமே இல்லாமற் போனவற்றில் ஒன்று. மாறும் அந்தச் சில விநாடிகள் மட்டும், வேறொரு நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டியிருந்தபடியால் பிழைத்துக்கொண்டன.

அப்போது எழுதியவர்களும் இதை அறிந்தே எழுதினார்கள். ஒருமுறை ஒளிபரப்பானது போனதுதான், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அதனால் அட்லாண்டிஸ் தீவு 1967இல் ஒரு விதமாக அழிந்தது. 1971இல் வந்த கதையில் அதை அழித்தது தானே என்று வேறொரு வேற்றுலகத்தவன் சொன்னான். 1972இல் மூன்றாவது விதமாக அழிந்தது. மூன்று கதையும் தத்தம் அளவில் ஓடின. முரண் இருந்தாலே கதை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை கெடுவது வேறிடத்தில். வீட்டில் வீடியோ பதிவு வந்து, ரசிகர் இதழ்கள் பெருகி, பழைய கதைகளின் பட்டியல்கள் அச்சேறிய 1980களில், தயாரிப்பாளர்கள் பழையதை வேண்டுமென்றே கொண்டுவரத் தொடங்கினார்கள். 1985 ஜனவரியில் வந்த 'அட்டாக் ஒஃப் த சைபர்மென்' என்ற இரண்டு அங்கக் கதையை எழுத விரும்பும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும், எப்படி எழுதக்கூடாது என்பதற்காக. அதில் சைபர்மென் என்ற பாதி இயந்திர எதிரிகளின் திட்டம் ஹேலி வால்வெள்ளியைத் திருப்பி 1985இல் பூமியில் மோதவிடுவது. ஏன்? 1986இல் தங்கள் தாய்க்கிரகமான மொண்டாஸ் அழிந்துவிடும், அதைத் தடுக்க. மொண்டாஸ் 1986இல் அழியும் என்பது 1966இல் ஒளிபரப்பான கதையின் முடிவு. சைபர்மென்களின் கல்லறைகள் டெலொஸ் கிரகத்தில் இருப்பது 1967ஆம் ஆண்டுக் கதை. கூலிப்படைக்காரன் லிற்றன் 1984ஆம் ஆண்டுக் கதையிலிருந்து வருகிறான். டொக்டரின் காலப்பயணக் கலமான டார்டிஸ் இறங்கும் 76, டொட்டர்ஸ் லேன் பழைய இரும்புக் கொட்டகை 1963ஆம் ஆண்டு முதலாம் அங்கத்தின் இடம். ஹேலி வால்வெள்ளி உண்மையிலேயே 1986 பெப்ரவரியில் சூரியனை அண்மித்தது; அந்த ஒரு விடயம் மட்டுமே அன்றைய பார்வையாளருக்குத் தன் உலகிலிருந்து தெரிந்தது.

இதில் பழுது எங்கே? எதிரியின் நோக்கமே பத்தொன்பது ஆண்டுக்கு முந்திய கதையின் முடிவில் தங்கியிருக்கிறது. அந்த முடிவு தெரியாவிட்டால் எதிரி எதற்காக ஓடுகிறான் என்பது விளங்காது. விளங்காவிட்டால் பயமும் வராது. தெரிந்துகொள்வோம் என்று தேடினாலோ, 1966ஆம் ஆண்டுக் கதையின் கடைசி அங்கம் கிடையாது. கல்லறைக் கதையின் நான்கு அங்கங்களும் 1985இல் பிபிசியிடமே இல்லை. அவை ஹொங்கொங்கிலிருந்து திரும்பி 1992இல்தான் வீடியோவாக விற்பனைக்கு வந்தன. பார்வையாளர் கையில் இல்லாத திறப்புக்குப் பூட்டுச் செய்திருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1988 ஒக்டோபரில், அதே பழைய இரும்புக் கொட்டகைக்குத் தொடர் திரும்பவும் போனது. பென் ஆரனோவிச் எழுதிய 'ரிமெம்பிரன்ஸ் ஒஃப் த டாலெக்ஸ்'. காலம் 1963 நவம்பர், இடம் கோல் ஹில் பள்ளிக்கூடம், அதாவது தொடரின் முதல் இரவு நடந்த அதே சுற்றாடல். குறிப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் 1985ஐவிடக் குறைவில்லை. ஆனாலும் ஒன்றுமே தெரியாதவர் தடுமாறுவதில்லை. அவருக்குத் தெரிவது: லண்டனில் ஒரு பள்ளிக்கூடம், விளையாட்டு முற்றத்தில் எரிந்த தடங்கள், நிலவறையில் ஏதோ இருக்கிறது, டாலெக் என்ற வேற்றுலக எதிரிகளின் இரண்டு பிரிவுகள் ஒரு பெட்டிக்காக அடிபடுகின்றன, அந்தப் பெட்டியை முன்னொருகால் இங்கே விட்டுவிட்டுப் போனவர் டொக்டர். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பொருளாகக் கிடக்கிறது. விஞ்ஞான வகுப்பறையில், டொக்டரோடு கூடவரும் ஏஸ் என்ற பெண் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். 1963ஆம் ஆண்டு முதலாம் அங்கத்தில் சூசன் என்ற மாணவி இரவல் வாங்கியதும் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய புத்தகம். யாரும் அதைப் பற்றி ஒரு வசனமும் பேசுவதில்லை, கமெரா அதில் நிற்பதுமில்லை. தெரிந்தவர் கண்டுகொள்வார், தெரியாதவருக்கு அது பள்ளிக்கூடத்தில் கிடக்கும் ஒரு புத்தகம். இதே கதையில் கொட்டகையின் கதவில் உரிமையாளர் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டார்கள், ஓர் ஆங்கில எழுத்துக் குறைந்துபோயிற்று. ரசிகர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். அதனால் கதைக்கு ஒரு மயிரளவு சேதமும் இல்லை.

எங்கள் கோயில்களில் புராணபடனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது. கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். யுத்த காண்டம் நடக்கும் நாளில்தான் முதன்முதலாக வந்து குந்தியிருப்பவரும் கூட்டத்தில் இருப்பார். அவருக்காக உற்பத்தி காண்டத்தை யாரும் திரும்ப வாசிப்பதில்லை. பயன் சொல்பவர் இன்னார் இன்னாருடைய தம்பி, இன்ன வரம் பெற்றவன் என்று அந்தச் செய்யுளுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போவார். தேவர்கள் பட்ட துன்பத்துக்கு மூலகாரணமான தக்கன் வேள்வி, நடந்த ஒழுங்கில் முந்தியது. கச்சியப்பரோ அதை ஆறாவது காண்டமாகக் கடைசியில் வைத்தார். காரணம் பின்னால் வந்ததால் முன்னால் உள்ள ஐந்து காண்டமும் விளங்காமற் போகவில்லை.

பழைய பாத்திரமொன்றைத் திரும்பக் கொண்டுவரும் முறைக்கு நான் அறிந்த சிறந்த முன்மாதிரி 2006இல் வந்த 'ஸ்கூல் ரீயூனியன்'. ஸேரா ஜேன் ஸ்மித், டொக்டரோடு கூடத் திரிந்து 1976இல் தொடரைவிட்டுப் போனவர். முப்பது ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறார். புதிய பார்வையாளருக்கு அவரைத் தெரியாது. ஆகவே அந்த அங்கம் அவருடைய பழைய சாகசங்களைத் துணையாக வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இன்று என்ன நோகிறது என்பதை வைத்தது. ஒருவரோடு உலகமெல்லாம் திரிந்தேன், ஒருநாள் என்னை இறக்கிவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. இப்போது கூடத் திரியும் ரோஸ் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். தனக்கும் இதுதான் நடக்குமோ என்ற கேள்வி அவள் முகத்தில் வருகிறது. பழைய கதை இன்றைய பாத்திரத்தின் நெஞ்சில் போய்த் தைக்கிறது. அதற்கிடையில் ஒரு நுணுக்கமும் உண்டு. 1976இல் டொக்டர் அவரைத் தெற்குக் குரொய்டனில் அவர் வீட்டுத் தெருவில் விடுவதாகச் சொல்லித்தான் இறக்கினார். டார்டிஸ் மறைந்த பின் ஸேரா சுற்றிப் பார்த்து, இது என் தெரு இல்லை, குரொய்டனாகவே இராது என்கிறார். 2006இல் அவர் சொல்கிறார், அது அபர்டீன் என்று. முப்பது ஆண்டுக்கு முந்திய எழுத்தாளர் விட்டுவைத்த கொளுக்கியில் புதியவர் ஒரு சொல்லை மாட்டினார். தெரியாதவருக்கும் அந்த இடம் சிரிப்பைத் தரும்: லண்டனில் இறக்க வேண்டியவரை ஸ்கொட்லாந்தில் இறக்கியிருக்கிறார்.

தொடர் எழுதுவோருக்கு அதிக தொல்லை தருவது இலக்கங்கள். 1976 இறுதியில் ரொபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'த டெட்லி அசாசின்' கதையில், டைம் லோர்ட் ஒருவர் பன்னிரண்டு முறைதான் உடல் மாறலாம், அதன் பின் சாவுதான் என்று ஒரு வசனம் வருகிறது. மாஸ்டர் என்ற எதிரி பன்னிரண்டையும் முடித்துவிட்டு அழுகிய உடலோடு உயிர்பிழைக்கத் துடிக்கிறான். அவன் வெறிக்குக் காரணம் காட்டவே அந்த இலக்கம் வந்தது. டொக்டருக்கு அப்போது மூன்றுதான் கழிந்திருந்தது. ஒன்பது மிச்சம் இருக்கும்போது யார் கவலைப்படுவார்? ஆனால் இலக்கம் சொன்னால் ரசிகர்கள் எண்ணுவார்கள். 2008இல் பத்தாவது டொக்டர் மாறத் தொடங்கி, அந்தச் சக்தியை வெட்டுண்ட தன் கைக்குள் செலுத்தி அதே முகத்தோடு நின்றார், அதுவும் ஒன்று. 2013இல் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் ஜோன் ஹேர்ட் நடித்த இன்னொருவர் நுழைக்கப்பட்டார், இன்னும் ஒன்று. பதினோராவது என்று எல்லோரும் அழைத்த மற் ஸ்மித், கணக்குப்படி பதின்மூன்றாவது உடல், பன்னிரண்டும் தீர்ந்தது. 2013 நத்தார் அங்கத்தில் டைம் லோர்ட்ஸ் புதிய சுற்று ஒன்றைக் கொடுத்ததால்தான் பீற்றர் கபல்டி வர முடிந்தது. அந்தத் தீர்வு திடீரென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்ததாகத் தோன்றாததற்குக் காரணம், 1983இல் 'த ஃபைவ் டொக்டர்ஸ்' கதையில் அதே டைம் லோர்ட்ஸ் மாஸ்டருக்குப் புதிய சுற்றுத் தருவதாக ஆசைகாட்டியிருந்தார்கள். கதவு முப்பது ஆண்டாக அங்கேதான் இருந்தது.

விண்கப்பல் கதையான 'ஸ்டார் ட்ரெக்: வொயேஜர்' தொடர் இப்படித் தப்பவில்லை. 1995இல், முதற்பருவத்திலேயே, கப்பலில் ஃபோட்டோன் டோர்பீடோ என்ற ஏவுகணைகள் 38தான் உண்டு, தீர்ந்தால் வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப எழுபத்தைந்து ஆண்டு எடுக்கும் கப்பலுக்கு அது நல்ல நெருக்கடி. பிறகு ஏழு பருவங்களிலும் 38ஐவிட அதிகமாக எய்தார்கள், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வசனமும் இல்லை. தீர்ந்துபோகும் பொருளொன்றை எண்ணிச் சொன்னால், ஒவ்வோர் அங்க முடிவிலும் மிச்சத்தை எழுதி வையுங்கள். அதற்கு மனமில்லையென்றால் "கொஞ்சந்தான் இருக்கு" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆண்டுகளும் அப்படியே. 'டொக்டர் ஹூ'வில் வேற்றுலகத்தவரை எதிர்க்கும், பிரிகேடியர் லெத்பிரிட்ஜ் ஸ்டுவர்ட்டின் யுனிற் படை எந்த ஆண்டில் இயங்கியது? 1968இல் வந்த கதையொன்று 1935க்கு நாற்பது ஆண்டுக்குப் பிந்தியது, அதற்கு நான்கு ஆண்டு பின் யுனிற் தொடங்கியாயிற்று, கூட்டினால் 1979. 1975இல் ஸேரா ஜேன் தான் 1980இலிருந்து வந்ததாகச் சொல்கிறார், பொருந்துகிறது. 1983இல் வந்த 'மோட்றின் அண்டெட்' கதையிலோ, பிரிகேடியர் 1977இலேயே ஓய்வுபெற்றுப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறார். காரணம் எளிது. அந்தக் கதையை முதலில் வேறொரு பழைய பாத்திரத்துக்காக, இயன் செஸ்டர்ட்டன் என்ற ஆசிரியருக்காகத் திட்டமிட்டிருந்தார்கள். ஆளை மாற்றினார்கள், ஆண்டை மாற்றவில்லை. மகாராணியின் வெள்ளிவிழா ஆண்டோடு கதை பிணைந்திருந்ததால் பிறகு அசைக்கவும் இயலாது. பாத்திரத்தை மாற்றும்போது அந்தப் பாத்திரத்தின் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்காததால் வரும் பிழை இது. எந்தத் தொடரிலும் வரும். 2008இல் டொக்டர், யுனிற்றில் வேலைசெய்தது எழுபதுகளிலோ எண்பதுகளிலோ என்று தனக்கே தெளிவில்லாமற் சொல்வதாக ஒரு வரி வைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுச் சச்சரவுக்கு அரை வசனம் போதுமாயிருந்தது.

அரை வசனமா அரை மணித்தியாலமா என்பதில்தான் எழுத்தாளரின் தரம் தெரியும். 1960களின் ஸ்டார் ட்ரெக்கில் கிளிங்கன் என்ற வேற்றுலக இனத்தவருக்கு வழவழப்பான நெற்றி. 1979ஆம் ஆண்டுத் திரைப்படம் முதல் மேடுபள்ளமான நெற்றி. ஒப்பனைக்குக் காசு கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. 1996இல் முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு எடுத்த 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' அங்கத்தில், புதிய நடிகர்களை 1967ஆம் ஆண்டு அங்கத்தின் காட்சிகளுக்குள் கணினியால் நுழைத்தார்கள், பழைய அரங்குகளைத் திரும்பக் கட்டினார்கள். அங்கே கிளிங்கனான வோர்ஃபிடம் நெற்றியைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளியாட்களோடு நாங்கள் அதைக் கதைப்பதில்லை என்கிறார். எல்லாம் முடிந்தது. 2005இல் 'என்ரபிறைஸ்' தொடர் அதே கேள்விக்கு மரபணு வைரசு ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டு அங்கங்கள் செலவழித்தது. எனக்கு வோர்ஃபின் பதில் போதும்.

1982ஆம் ஆண்டு ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் எதிரியான கான், கப்பல் அதிகாரி செக்கோவைக் கண்டதும் முகம் நினைவிருக்கிறது என்கிறான். கான் வந்தது 1967 பெப்ரவரி அங்கத்தில். செக்கோவின் நடிகர் தொடரில் சேர்ந்தது அந்த ஆண்டு செப்ரெம்பரில் தொடங்கிய இரண்டாம் பருவத்தில். தெளிவான பிழை. படம் விழவில்லை, ஏனெனில் கான் யார், ஏன் கோபமாக இருக்கிறான், மனைவியை எப்படி இழந்தான் என்பதெல்லாம் அந்த ஒரே காட்சியில் அவன் வாயாலேயே வந்துவிடுகிறது. கதையின் தசை உறுதியாக இருந்தால் இப்படிச் சிராய்ப்பு ஆறிவிடும்.

முன்கூட்டியே திட்டமிட்டவர்களும் உண்டு. 'பபிலோன் 5' தொடரை ஐந்து ஆண்டுக் கதையாக வகுத்த மைக்கல் ஸ்டிராசின்ஸ்கி, 110 அங்கங்களில் 92ஐத் தானே எழுதினார். 1994இல், காணாமற்போன விண்நிலையம் ஒன்று காலந்தாண்டி வெளிப்படும் அங்கத்தில் பாதிக் காட்சிகளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் காட்டி மூடிவிட்டார். 1996இல் மற்றப் பக்கத்திலிருந்து அதே காட்சிகள் திரும்ப வந்தன. இடையில் நாயகனாக நடித்தவர் விலகி வேறு கொமாண்டர் வந்திருந்தும் கணக்குப் பொருந்தியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் திடீரென வெளியேற ஒரு பொறிக்கதவை அவர் முதலே எழுதி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில் தொடர் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். நடிக்கும் பெடியன் பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் இரண்டு வருடம் நிற்பான் என்று யாராலும் உறுதிசொல்ல முடியாது.

கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் காட்டிய துணிவையும் குறிப்பிட வேண்டும். 1968இல் வந்த அவருடைய '2001' நாவலில் விண்கலம் போவது சனிக்கு. அதே ஆண்டுத் திரைப்படத்தில் வியாழனுக்கு. 1982இல் '2010'ஐ எழுதியபோது அவர் தன் நாவலை விட்டுவிட்டுத் திரைப்படத்தைத் தொடர்ந்தார். முன்னுரையில் அதைச் சொல்லியும் விட்டார். 1979இல் நாசாவின் வொயேஜர் விண்கலங்கள் வியாழனின் நிலவுகளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தன. கதைக்கு அங்கேதான் பசளை இருந்தது. பழையதோடு பொருந்த வேண்டும் என்பதற்காக நல்ல கதையைக் கைவிடாதீர்கள். மாற்றுகிறீர்களென்றால் திறந்து சொல்லி மாற்றுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். தொடர் எழுதத் தொடங்கும் நாளிலேயே நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்றை ஒதுக்குங்கள். கணினியில் அட்டவணையாக வைத்தாலும் சரி. முன்பாதியில் அங்கத்துக்கு ஒரு பக்கம், பின்பாதியில் பாத்திரத்துக்கு ஒரு பக்கம். எழுதிய பிரதியைப் பார்த்து நிரப்ப வேண்டாம். ஒளிபரப்பானதை அல்லது அச்சானதைப் பார்த்து நிரப்புங்கள். வெட்டிய வசனம் நடக்காத நிகழ்ச்சி; அதை நம்பிப் பின்னால் கதை கட்டினால் பார்வையாளர் முழிப்பார். பாத்திரத்தின் வயதை எழுதாதீர்கள், பிறந்த ஆண்டை எழுதுங்கள். வயது அங்கத்துக்கு அங்கம் மாறும், பிறந்த ஆண்டு மாறாது. காயம், தழும்பு, எந்தக் கை, கண்ணாடி போடுபவரா என்பவை வேண்டும். பெயர் எழுதும் முறை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும்.

மிக முக்கியம், யாருக்கு எது எந்த அங்கத்தில் தெரியவந்தது என்ற நிரல். தொடர்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்: எழுத்தாளருக்குத் தெரிந்ததைப் பாத்திரமும் தெரிந்ததுபோல் பேசிவிடும்.

இன்னொரு நிரலில், ஒரு தகவல் காட்டப்பட்டதா, சொல்லப்பட்டதா என்று குறியுங்கள். காட்டியதை மாற்ற இயலாது. ஒருவர் சொன்னதை மாற்றலாம். அவர் பொய் சொல்லியிருக்கலாம், பிழையாக நம்பியிருக்கலாம். குரொய்டன் அபர்டீன் ஆனது அப்படித்தான்: தெருவைக் காட்டினார்கள், ஊரைச் சொன்னது டொக்டரின் வாய் மட்டுமே. எதிர்காலத்தில் மாற்ற வேண்டி வரலாம் என்று தோன்றும் எதையும் நம்பத்தகாத ஒருவரின் வாயில் வையுங்கள்.

வசனத்தில் முன்கதையைக் கொண்டுவரும்போது நேரும் விபத்துக்கு உதாரணம்: "கவிதா, ரெண்டு வருசத்துக்கு முந்தி நெடுந்தீவிலை விழுந்த கலத்துக்குள்ளை கிடந்த நீலக் கல்லை நாங்கள் ரவியண்ணையின்ரை ஆய்வுகூடத்திலை உடைச்சமே, நினைவிருக்கே?" இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் மற்றவருக்குச் சொல்கிறார். உலகத்தில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. பார்வையாளர் ஐந்து பெயர்களைச் சுமந்துகொண்டு அடுத்த வசனத்தைத் தவறவிடுகிறார். இதையே, "அந்தக் கல்லைத் தொடாதை. போனமுறை தொட்டவன்ரை கை இன்னும் குளிர்ந்துதான் கிடக்கு" என்று எழுதிப் பாருங்கள். பழைய அங்கத்தைப் பார்த்தவருக்கு அந்தக் கை நினைவுக்கு வரும். பார்க்காதவருக்குக் கல் ஆபத்தானது என்பது விளங்கும், அதற்குமேல் அவருக்கு வேண்டியதில்லை. சொல்பவருக்கு அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று தேவையாக இருக்க வேண்டும்: தடுக்க, கெஞ்ச, மிரட்ட, மறைக்க. தேவையில்லாமல் முன்கதை பேசும் வசனத்தை வெட்டுங்கள்.

அரை மணித்தியால அங்கத்தில் கதையைத் தாங்கும் முன்கதைக் குறிப்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம். மற்றவற்றை மேசையிலும் சுவரிலும் வையுங்கள். எழுதி முடிந்ததும், முந்திய அங்கம் எதையும் அறியாத இருவரிடம் கொடுத்து, நின்று யோசித்த வரியில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். இருவரும் ஒரே குறிப்பில் நின்றிருந்தால் அங்கே விளக்கத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் இடத்தை மாற்றினால் சரிவரும், அல்லது பெயரை எடுத்துவிட்டுச் செயலை வைத்தால் சரிவரும்.

வானொலிக்கு எழுதுபவர்களுக்கு வசனமே தேவையில்லாத வழியொன்றும் உண்டு. டார்டிஸ் வரும்போதும் போகும்போதும் கேட்கும் அந்த இரைச்சலை 1963இல் பிரையன் ஹொட்ஜ்சன் பழைய பியானோ ஒன்றின் கம்பிகளில் வீட்டுத் திறப்பால் உரசிப் பதிந்து உருவாக்கினார். நடிகர்கள் மாறினார்கள், கறுப்புவெள்ளை நிறமாயிற்று, அந்த ஒலி மாறவில்லை. ஒரு காட்சியின் முடிவில் அது மெல்ல எழுந்தால் போதும், அறுபது ஆண்டுக் கதை வந்து நிற்கும். முதன்முறை கேட்பவருக்கும் ஏதோ வருகிறது என்று தெரியும். உங்கள் தொடரின் ஒவ்வொரு முக்கிய இடத்துக்கும் பொருளுக்கும் இப்படி ஓர் ஒலியை முதலாம் அங்கத்திலேயே நிச்சயித்து, மூலப் பதிவை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பின்னர் திரும்பச் செய்தால் அதே ஒலி வராது.

தங்கள் இதழின் தொடர்கதைக்கு ஒரு வேண்டுகோள். முன்கதைச் சுருக்கத்தை அந்த வாரக் கதை எழுதி முடிந்த பிறகே எழுதச் சொல்லுங்கள். மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம். கடந்த ஏழு வாரத்தில் நடந்ததையெல்லாம் கூட்டாமல், இந்த வாரத்துக்கு இல்லாமல் முடியாததை மட்டும் தாருங்கள். மூன்று வசனம் போதாது என்று எழுத்தாளர் சொன்னால், அந்த வாரக் கதையையே ஒருமுறை திருப்பிக் கொடுத்து, விடுபட்டதைக் கதைக்குள் ஒரு பொருளாகவோ செயலாகவோ வைத்துத்தரச் சொல்லுங்கள். இளைஞர் பக்கத்தில் அடுத்தமுறை இத்தொடர்களைப் பற்றி எழுதும்போது, எந்த அங்கத்திலிருந்து நுழையலாம் என்று தொடருக்கு இரண்டு மூன்று வாசல்களைக் குறிப்பிட்டால் வாசிக்கும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
அறிவியற் புனைவு வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.